தடை போடுங்கள், தட்டு விற்கும்

ஆஸ்திரேலிய ராக் இசைக்கு யாராவது ஸ்தல புராணம் எழுதினால் முதல் அத்தியாயத்தை ஹண்டர் ஆற்றங்கரையில்தான் தொடங்கவேண்டும். 1957 அக்டோபர். அமெரிக்காவிலிருந்து லிட்டில் ரிச்சர்ட் கச்சேரிக்கு வந்திருந்தார். மனிதர் பியானோவை வாசிப்பவர் அல்ல, அடிப்பவர். அந்த மாதம் 4-ஆம் தேதிதான் ரஷ்யா ஸ்புட்னிக்கை வானத்துக்கு அனுப்பியிருந்தது. சிட்னியில் பாடிக்கொண்டிருந்த ரிச்சர்ட் தலைக்கு மேலே ஒரு நெருப்புக் கோளம் போவதைப் பார்த்தார். ஆண்டவன் கூப்பிடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். கூட வாசித்தவர்கள் நம்பவில்லை. அவர்களை நம்பவைக்க, விரல்களில் கிடந்த வைர மோதிரங்களைக் கழற்றி நியூகாசிலில் ஹண்டர் ஆற்றுக்குள் வீசினார். ராக் அண்ட் ரோலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வேதம் படிக்க ஊர் திரும்பினார்.

ஊர்ப் பெரியவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். பிசாசு தானாகவே மூட்டை கட்டிவிட்டது. ஆனால் அதே கச்சேரிப் பயணத்தில் ஓரமாக நின்று பாடிய சிட்னிப் பையன் ஜானி ஓகீஃப், காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1958-இல் அவருடைய 'வைல்ட் ஒன்' வந்தது. உள்ளூர் ஆள் ஒருவர் கொடுத்த முதல் பெரிய ராக் ஹிட் அது. ரிச்சர்டும் சில வருடங்களில் துறவறத்துக்கு விடுமுறை விட்டு மேடை ஏறிவிட்டார். மோதிரங்கள்தான் திரும்பவில்லை.

அடுத்த 70 வருடக் கதையும் இதுதான். பாட்டை ஒழித்துக்கட்ட யாராவது ஒருவர் புறப்படுவார். ரேடியோ முதலாளி, அரசாங்க மேனேஜர், நகரசபை, உச்சரிப்புப் போலீஸ், கடைசியில் சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்ட் வீடுகளில் நம்முடைய அப்பாமார். ஒவ்வொருவரும் வரிசையாக மண்ணைக் கவ்வியிருக்கிறார்கள்.

வில்லவுட் கரானா

'அசல் ஆஸ்திரேலிய இசை' என்று பப்பில் பியர் கோப்பையைத் தட்டிப் பேசும் ரசிகரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ஈஸிபீட்ஸ் எந்த ஊர்?

1964-இல் சிட்னியின் வில்லவுட் குடியேறிகள் விடுதியில் சந்தித்த ஐந்து பையன்கள் சேர்ந்து அமைத்த குழு ஈஸிபீட்ஸ். பாடகர் ஸ்டீவி ரைட் இங்கிலாந்தின் லீட்ஸில் பிறந்தவர். டிரம்ஸ் அடித்தவர் லிவர்பூல் பக்கம். ஹாரி வாண்டாவும் டிக் டயமண்டும் டச்சுக்காரர்கள். ஜார்ஜ் யங் கிளாஸ்கோ. ஐந்து பேரில் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம். 1966-இல் இவர்கள் 'ஃப்ரைடே ஆன் மை மைண்ட்' பாடி உலகத்தைக் கலக்கினார்கள். அதையும் லண்டனில் பதிவு செய்தார்கள். 2001-இல் பாடலாசிரியர்களின் உரிமைச் சங்கமான ஆப்ரா அதைத்தான் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆஸ்திரேலியப் பாட்டு என்று தேர்ந்தெடுத்தது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் வெளிநாட்டில் போய்ப் பதிவு செய்த பாட்டு. இதைவிட ஆஸ்திரேலியத்தனமான பாட்டு கிடைக்காது.

இவர்களை வரவழைக்க அரசாங்கம் செய்த உபசாரத்தையும் சொல்லவேண்டும். அந்த நாளில் பிரிட்டனிலிருந்து வரும் பெரியவர் ஒருவருக்குப் பயணச் செலவு பத்தே பவுண்ட். மீதியை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. இன்று அதே வில்லவுட்டில் இருப்பது குடிவரவுத் தடுப்பு முகாம். படகேறி வந்த ஈழத் தமிழர்கள் பலர் அங்கே வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்திருக்கிறார்கள். யாரும் பத்து பவுண்டுக்கு டிக்கெட் அனுப்பி அழைக்காத குற்றத்துக்கு. அவர்களில் எத்தனை கிட்டார்காரர்கள் இருந்தார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்டுக் குறித்துவைக்கவில்லை.

அக்காவின் தையல் மெஷின்

ஈஸிபீட்ஸ் ஜார்ஜ் யங்கின் வீடு பர்வுட்டில். ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். இன்று சாம்பார்ப் பொடிக்கும் மாசிக் கருவாட்டுக்கும் நாம் அலையும் அதே வட்டாரம்தான். அண்ணன் புகழோடு இருந்ததைப் பார்த்துத் தம்பிகள் மால்கமும் ஆங்கஸும் 1973-இல் ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் வைக்கத் தெரியவில்லை. அக்கா மார்கரெட் தன் தையல் மெஷினில் எழுதியிருந்ததை எடுத்துக் கொடுத்தார்: ஏசி/டிசி. தையல் மெஷின் இல்லை, வாக்யூம் கிளீனர், பெயர் வைத்தது அக்கா இல்லை, அண்ணி என்று ரசிகர்களுக்குள் ஒரு கோஷ்டி இன்றைக்கும் வாதாடுகிறது. எப்படியானாலும் உலகத்தின் மிகச் சத்தமான குழுவுக்கு வீட்டுப் பெண்கள்தான் பெயர் சூட்டினார்கள் என்பதில் இரு தரப்புக்கும் சம்மதம்.

மேடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் போடு என்று ஆங்கஸுக்குச் சொன்னதும் அக்காதான். ஆஷ்ஃபீல்ட் ஆண்கள் பள்ளியில் படிப்பு ஏறாத பையன் அது. அரைக்கால் சட்டையும் டையும் தொப்பியுமாகக் கிட்டாரோடு உலகம் சுற்றினான். 70 வயதிலும் கழற்றவில்லை. அந்தப் பள்ளியின் முதல் மாணவர்கள் யாரும் இவ்வளவு காலம் சீருடைக்கு விசுவாசமாக இருந்திருக்கமாட்டார்கள்.

பாடகர் பான் ஸ்காட்டும் ஸ்காட்லாந்திலிருந்து ஆறு வயதில் வந்தவர்தான். 'இட்ஸ் எ லாங் வே டு த டாப்' பாட்டைப் பதிவு செய்தபோது, தயாரிப்பாளராக இருந்த அண்ணன் ஜார்ஜ், "நீ பேக்பைப் குழுவில் இருந்தவன்தானே, ஊது" என்கிற மாதிரி ஒரு வாத்தியத்தைக் கையில் திணித்தார். பான் குழுவில் இருந்தது நிஜம். ஆனால் அங்கே அடித்தது டிரம். பேசாமல் வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்டார். 1976 பிப்ரவரி 23 அன்று மெல்பர்ன் ஸ்வான்ஸ்டன் தெருவில் திறந்த லாரி ஒன்றின்மேல் நின்று குழுவே அந்தப் பாட்டை முழங்கிக்கொண்டு போயிற்று. கூடவே நிஜமான பேக்பைப்காரர்கள். கடைக்கு வந்த ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் பாராமலும் போனார்கள். நாட்டுக்கே அடையாளமாகப் போகிற வீடியோ கண்ணெதிரே எடுக்கப்படுகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த வருடக் கடைசியில் ஊர் ஊராகப் போனபோது சில நகரசபைகள் இந்தக் கூட்டம் நம் ஊருக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்தின. 1980 பிப்ரவரியில் பான் ஸ்காட் லண்டனில் இறந்தார். ஐந்தே மாதத்தில் புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு வந்த 'பேக் இன் பிளாக்' உலகம் முழுக்க 5 கோடி பிரதிகளுக்கு அருகில் விற்றது. 2004 அக்டோபர் 1 அன்று மெல்பர்ன் நகரசபை கார்ப்பரேஷன் லேன் என்ற சந்துக்கு அவர்களுடைய பெயரை வைத்தது. ஆனால் அரசாங்க விதிப்படி தெருப் பெயரில் சாய்கோடு கூடாது. எனவே பலகையில் ஏசிடிசி என்று மட்டும் இருந்தது. மின்னல் வடிவச் சாய்கோடு போன சோகம் தாங்காமல் ரசிகக் கலைஞர் ஒருவர் பலகைக்குத் துணையாகத் தனியாக ஒரு மின்னலைச் செய்து மாட்டினார். பலகையையோ அடிக்கடி ஆட்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். பக்தி என்றால் அது.

பத்துக்கு ஆறு

எனக்கு மிகவும் பிடித்த தடை 1974-இல் வந்தது. மெல்பர்னின் ஸ்கைஹூக்ஸ் குழு 'லிவிங் இன் த செவன்டீஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. மொத்தம் பத்துப் பாட்டு. வணிக வானொலிகளின் கூட்டமைப்பு அதை மிகக் கவனமாகக் கேட்டது. ஆபாசத்தைக் கண்டுபிடிப்பவர்கள் எப்போதும் மிகக் கவனமாகத்தான் கேட்பார்கள். ஆறு பாட்டைத் தடை செய்தது. பத்துக்கு ஆறு என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ். பையன்கள் கடைக்கு ஓடினார்கள். ரேடியோவில் வராத ஆறு பாட்டைக் கேட்க ஒரே வழி தட்டை வாங்குவதுதான். ஆல்பம் 16 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது.

பாட்டு எழுதிய கிரெக் மக்கெய்ன்ஷ் செய்த உண்மையான குற்றம் வேறு. அதுவரை ஆஸ்திரேலியப் பாடகன் காதலியைத் தேடினால் மெம்ஃபிஸிலோ டெக்ஸஸிலோதான் தேடுவான். இவர் கார்ல்டன் லைகன் தெருவில் தேடினார். பால்வினிலிருந்து வரும் ஃபோனைப் பாடினார். டூராக் பணக்காரப் பையன்களைக் கிண்டல் செய்தார். மூன்றும் மெல்பர்ன் பேட்டைகள். டிராம் வண்டியில் போகும்போது ஜன்னலில் தெரியும் ஊர்ப் பெயர் பாட்டில் வரலாம் என்று ஒரு தலைமுறைக்கு அன்றுதான் தெரிந்தது. சொந்தப் பேட்டையைப் பாடினால் மானம் போகாது, பணம் வரும் என்பதும் தெரிந்தது.

சிட்னிக்கு வருவோம். அங்கே இளைஞர்கள் அதிகம் கேட்ட ராக் ஸ்டேஷன் 2எஸ்எம். அதன் உடைமையாளர் யார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்: கத்தோலிக்கத் திருச்சபை. எஸ்எம் என்பது செயின்ட் மார்க்ஸ். ஞாயிறு பூசைக்குப் போனாலும் போகாவிட்டாலும் திங்கட்கிழமை உண்டியல் நிரம்பியது. அங்கே வேலை பார்த்த அறிவிப்பாளர் ஹோல்கர் ப்ராக்மன். பெயர் கொஞ்சம் அந்நியமாக இருக்கிறது, கேட்பவர்கள் மிரளுவார்கள் என்று நிர்வாகம் நினைத்தது. 'பில் டிரேக்' என்று மாற்றிவைத்தது.

1975 ஜனவரி 19, ஞாயிறு, காலை 11 மணி. விட்லம் அரசாங்கம் இளைஞர்களுக்கென்று தொடங்கிய 2ஜேஜே, செல்லமாக டபிள் ஜே, காற்றில் ஏறியது. மைக் முன்னால் ஹோல்கர் ப்ராக்மன், சொந்தப் பெயரில். முதல் பாட்டாக எதைப் போடலாம்? தேசிய கீதமா? ஸ்கைஹூக்ஸின் தடை செய்யப்பட்ட ஆறில் ஒன்றை, அதிலும் தலைப்பிலேயே படுக்கை வருகிற ஒன்றைப் போட்டார்கள். வரிப்பணத்தில் நடக்கும் ஸ்டேஷனின் திருவாய் மலர்ந்த முதல் பாட்டு அது. மாற்றிவைத்த பெயரும் தடுத்துவைத்த பாட்டும் ஒரே காலையில் விடுதலையாயின.

அதே காலத்தில் ஞாயிறு மாலை அரசுத் தொலைக்காட்சியில் 'கவுண்ட்டவுன்'. 1974 முதல் 1987 வரை நாட்டையே சோபாவில் உட்காரவைத்த நிகழ்ச்சி. மோலி மெல்ட்ரம் கௌபாய்த் தொப்பியோடு வந்து திக்கித் திணறிப் பேசுவார். 1977-இல் இளவரசர் சார்லஸைப் பேட்டி எடுக்க உட்கார்ந்தவர், மகாராணியை 'உங்கம்மா' என்கிற தோரணையில் குறிப்பிட்டு இளவரசர் முகத்தைச் சிவக்கவைத்தார். அறிவாளிகள் அந்த நிகழ்ச்சியைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் பேசினார்கள். அதை ஒட்டித்தான் தட்டு விற்றது.

ஒரே பாட்டு, 24 மணி நேரம்

டபிள் ஜே வளர்ந்து ட்ரிபிள் ஜே ஆயிற்று. அங்கும் ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். மேனேஜர் இல்லாத புரட்சி உண்டா?

என்.டபிள்யூ.ஏ என்ற கலிஃபோர்னியக் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' ஆல்பத்தில் போலீஸ்காரர்களை நான்கெழுத்துக் கெட்ட வார்த்தையால் அர்ச்சனை செய்யும் பாட்டு ஒன்று உண்டு. ட்ரிபிள் ஜே அதைப் பல மாதம் போட்டுக்கொண்டிருந்தது. யாருடைய குடியும் முழுகவில்லை. 1990-இல் புகார் வந்தது, நிர்வாகம் விழித்துக்கொண்டு தடை விதித்தது. ஊழியர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். ரேடியோவில் ஸ்டிரைக் என்றால் மௌனம்தானே? இவர்கள் அதே குழுவின் 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' பாட்டை எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். அது முடிந்ததும் அதே பாட்டு. அதற்குப் பிறகும் அதே பாட்டு. ஒரு நாள் முழுக்க. எத்தனை தடவை ஓடியது என்பதில் ரசிகர்களின் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். நாலரை நிமிடப் பாட்டு, 24 மணி நேரம். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இதில் நிர்வாகத்தை வெறுப்பேற்றும் ரகசியம் ஒன்று இருக்கிறது. கெட்ட வார்த்தையே இல்லாத பாட்டு அது. தடை செய்யக் காரணமே கிடையாது. பாடிய டாக்டர் டிரே அதில் கஞ்சாவைத் தொடமாட்டேன் என்று வேறு சத்தியம் செய்கிறார். 1992-இல் அதே மனிதர் கஞ்சாவின் செல்லப் பெயரையே தலைப்பாக்கி 'த க்ரானிக்' ஆல்பத்தைக் கொண்டுவந்தது தனிக்கதை. ட்ரிபிள் ஜே செய்தி முன்னிசையில் அந்த ஸ்டிரைக் பாட்டின் ஒரு கீறல் சத்தத்தைச் செருகிக்கொண்டது. மணிக்கு ஒருதரம் அரசாங்கச் செய்தி, அதற்கு முன்னால் ஸ்டிரைக்கின் எச்சம்.

பர்வுட் பூங்காவும் உச்சரிப்புப் போலீஸும்

1980-களின் தொடக்கத்தில் மால்கம் மெக்லேரனின் 'பஃபலோ கேர்ள்ஸ்' வீடியோ தொலைக்காட்சியில் வந்தது. நியூயார்க் பையன்கள் தலையில் சுழலுவதைப் பார்த்த மேற்குச் சிட்னிப் பையன்கள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்தார்கள். கூடிய இடம் பர்வுட் பூங்கா. ஆமாம், அதே பர்வுட்தான். ஏசி/டிசியைக் கொடுத்த பேட்டையே ஹிப் ஹாப்புக்கும் தொட்டில் கட்டியது. நகர் முழுவதற்கும் வேறு பூங்காவே இல்லையா என்று கேட்டால், ரயில் வசதி அப்படி.

அங்கிருந்து முளைத்த சவுண்ட் அன்லிமிடெட் குடியேறிகளின் பிள்ளைகள் நிறைந்த குழு. பெரிய கம்பெனி ஒன்று ஒப்பந்தம் போட்ட முதல் ஆஸ்திரேலிய ஹிப் ஹாப் குழு அதுதான். 1992-இல் ஆல்பம் வந்தது. வந்த கையோடு அசல் ரசிகர்கள் தீர்ப்பு எழுதினார்கள்: "விலைபோய்விட்டான்கள்." அடுத்த வருடம் டெஃப் விஷ் காஸ்ட் 'நைட்ஸ் ஆஃப் தி அண்டர்கிரவுண்ட் டேபிள்' கொண்டுவந்தது. மேற்குச் சிட்னியின் கரடுமுரடான உச்சரிப்பை அப்படியே மைக்கில் கொட்டியது. அன்று தொடங்கிய சண்டை: ராப் பாடும்போது எந்த ஊர் வாய் இருக்கவேண்டும்?

இந்தச் சண்டையின் சட்டங்கள் வேடிக்கையானவை. ராக் பாடகன் அமெரிக்கனாகப் பாடினால் யாரும் கேட்பதில்லை. ராப்காரன் 'டான்ஸ்' என்ற சொல்லை அமெரிக்கனாகச் சொன்னால் துரோகி. சொந்த உச்சரிப்பில் பாடினால், "இதென்ன, ஆட்டுப் பட்டியில் ஏலம் போடுகிற மாதிரி இருக்கிறது" என்று வெளியிலிருப்பவர்கள் சிரிப்பார்கள். 2003-இல் அடிலெய்டின் ஹில்டாப் ஹூட்ஸ் 'த காலிங்' ஆல்பத்தில் அந்த ஏலக் குரலிலேயே பாடிப் பிளாட்டினம் வாங்கினார்கள். 2006-இல் 'த ஹார்ட் ரோட்' நாட்டின் பட்டியலில் நேரே முதலிடம். எந்த உள்ளூர் ஹிப் ஹாப் ஆல்பமும் அதுவரை அங்கே எட்டிப் பார்த்ததில்லை. எட்டே வருடத்தில், முல்லம்பிம்பி என்ற சின்ன ஊரிலிருந்து போன இகி அசேலியா அமெரிக்கத் தென்மாநில உச்சரிப்பில் பாடி 'ஃபேன்ஸி'யால் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்தார். உச்சரிப்புப் போலீஸ் எந்தப் பக்கம் விசில் ஊதுவது என்று தெரியாமல் தவித்தது.

பட்டியல் போடும் வியாதி

ரசிகர்கள் சேர்ந்தால் பட்டியல் போடாமல் கலைவதில்லை. 2010-இல் மூன்று பத்திரிகையாளர்கள் சிறந்த 100 ஆஸ்திரேலிய ஆல்பங்கள் என்று புத்தகமே போட்டார்கள். முதலிடம் மிட்நைட் ஆயிலின் 'டீசல் அண்ட் டஸ்ட்', 1987. பூர்வகுடி மக்களின் நிலத்தைத் திருப்பிக் கொடு என்று மேடையில் ஆடிய பாடகர் பீட்டர் காரெட், அந்தப் புத்தகம் வந்தபோது மத்திய அமைச்சர். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவில் 'மன்னிக்கவும்' என்று எழுதிய கறுப்பு உடையில் பிரதமர் ஜான் ஹோவர்டின் முன்னாலேயே பாடியவர். பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்க மறுத்தவர் அந்தப் பிரதமர். 2008-இல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டபோது காரெட் ஆளும் கட்சி பெஞ்சில் இருந்தார். இரண்டாமிடம் 'பேக் இன் பிளாக்'. மூன்றாமிடம் கிரவுடட் ஹவுஸின் 'வுட்ஃபேஸ்'. "அந்தப் பாடகன் எங்க ஆள்" என்று நியூசிலாந்துக்காரர்கள் குறுக்கே விழுவார்கள். அவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு.

மறு வருடம் ட்ரிபிள் ஜே நேயர்கள் ஓட்டுப் போட்டார்கள். பவுடர்ஃபிங்கரின் 'ஒடிஸி நம்பர் ஃபைவ்' முதலிடம். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2009-இல், எல்லாக் காலத்துக்கும் சிறந்த 100 பாட்டுக்கு ஓட்டெடுத்தபோது தனிப் பாடகி ஒருவர்கூடத் தேறவில்லை. பெண்களே பாடாத கிரகத்தில் ஓட்டெடுத்தது போல இருந்தது. 2015 ஜனவரியில் டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டு ஒன்றை நிலையத்தின் ஓட்டெடுப்புப் பட்டியலுக்குள் கொண்டுவர ரசிகர்கள் இயக்கமே நடத்தினார்கள். கோழிக்கடை விளம்பரமும் அதில் ஒட்டிக்கொள்ள, நிலையம் அந்தப் பாட்டைத் தகுதி நீக்கம் செய்தது. தடையை உடைத்துப் பிறந்த ஸ்டேஷன், நாற்பது வயதில் தானே தடை போட்டது. விளம்பரம் யாருக்குக் கிடைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

பட்டியலைவிடப் பயங்கரமானது ரசிகர்களின் வினாடி வினா. 2007-இல் தொலைக்காட்சி இசை வினாடி வினா ஒன்றில், மென் அட் வொர்க்கின் 'டவுன் அண்டர்' பாட்டில் வரும் புல்லாங்குழல் எந்தக் குழந்தைப் பாட்டை ஒத்தது என்று கேட்டார்கள். விடை: குக்கபரா பறவையைப் பற்றி மேரியன் சின்க்ளேர் 1930-களில் எழுதிய பாட்டு. 25 வருடம் நாடே கேட்டும் யாருக்கும் உறைக்காத ஒற்றுமை. உரிமை வைத்திருந்த கம்பெனிக்கு அன்று உறைத்தது. 2010-இல் நீதிமன்றம் ராயல்டியில் 5 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. அதிகம் தெரிந்துவைத்திருப்பவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்காதீர்கள்.

அப்பாமாரின் தடை

இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு ஸ்ட்ராத்ஃபீல்ட், ஹோம்புஷ், வென்ட்வொர்த்வில் பக்கம் குடிவந்த நம்மவர் வீடுகளிலும் தணிக்கைத் துறை இயங்கியது. 90-களில் அறைக்கதவுக்கு வெளியே நின்று அப்பா கேட்பார்:

"தம்பி, உதென்ன சத்தம்? உது பாட்டோ?"

"ஹிப் ஹாப் அப்பா."

"ஹிப்போ ஹாப்போ, நிப்பாட்டு. நாளைக்கு டியூஷன். ராசாவின்ரை பாட்டைப் போட்டுக் கேள், மனசு அடங்கும்."

அந்த அப்பாமாருக்குப் பதில் லண்டனிலிருந்து வந்தது. மாயா அருள்பிரகாசம், மேடைப் பெயர் எம்.ஐ.ஏ, தகப்பனார் பெயரில் 2005-இல் 'அருளர்' ஆல்பமும் தாயார் பெயரில் 2007-இல் 'கலா' ஆல்பமும் வெளியிட்டார். 'கலா'வின் முதல் பாட்டில் அப்பா சொன்ன அதே ராசா வருகிறார். 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' தாளம் அதில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இன்னும் கொஞ்சம் போனால் 'மாங்கோ பிக்கிள் டவுன் ரிவர்'. நியூ சவுத் வேல்ஸின் தூரமேற்கில் டார்லிங் ஆற்றங்கரையிலுள்ள வில்கானியா ஊர்ப் பூர்வகுடிச் சிறுவர்கள், மீன் பிடிப்பதையும் பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பதையும் பற்றி 2002-இல் பாடிய ராப் அது. பின்னணியில் டிட்ஜரிடூ முழங்க, தமிழ்ப் பெண் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். இளையராஜாவும் வில்கானியாப் பையன்களும் ஒரே தட்டில். எந்த அப்பாவும் இதற்கு அனுமதி கொடுத்திருக்கமாட்டார்.

லிவர்பூல் என்ற சிட்னிப் பேட்டையிலிருந்து எல்-ஃபிரெஷ் த லயன் தலைப்பாகையோடு ராப் பாடி 2020-இல் 'சவுத் வெஸ்ட்' என்று தன் வட்டாரத்தின் பெயரிலேயே ஆல்பம் போட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிட்னியில் வளர்ந்த பாடகி 'தீ', ராப் பாடகர் 'அறிவு'வோடு சேர்ந்து 2021-இல் 'என்ஜாயி எஞ்சாமி' பாடினார். டியூஷனுக்குப் போன பிள்ளைகளும் போகாத பிள்ளைகளும் அதற்கு ஆடினார்கள். அப்பாமாரும் கல்யாண வீடுகளில் ஆடியதற்கு வீடியோ ஆதாரம் உண்டு.

2025 ஜூலையில் ட்ரிபிள் ஜே ஆஸ்திரேலியப் பாட்டுகளுக்கென்றே ஓட்டெடுத்தது. ஐஎன்எக்ஸ்எஸ்ஸின் 'நெவர் டேர் அஸ் அபார்ட்' முதலிடம். இரண்டாமிடத்தில், ஏலக் குரல் என்று சிரிக்கப்பட்ட ஹில்டாப் ஹூட்ஸ்.

என் ஓட்டையும் கேட்பீர்கள். ஆல்பம் என்றால் 'லிவிங் இன் த செவன்டீஸ்'. 'பேக் இன் பிளாக்' அதைவிடப் பன்மடங்கு விற்றிருக்கலாம், 'டீசல் அண்ட் டஸ்ட்' அதைவிட நல்ல மனசுக்காரத் தட்டாக இருக்கலாம். ஆனால் உன் டிராம் போகிற தெருவே பாட்டுக்குப் போதும் என்று இந்த நாட்டுக்குச் சொன்னது அது. அதைச் சொன்னதற்காக அல்ல, படுக்கைக்காகத் தடை வாங்கியது என்பது தடை போடுகிறவர்களின் காது எப்படிப்பட்டது என்பதற்குச் சான்று. ஆகையால் பெற்றோரே, பக்கத்து அறையில் பிள்ளை போடும் பாட்டு சகிக்கவில்லை என்றால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்த நாட்டில் பாட்டை நிறுத்தச் சொன்ன ஒருவர் பெயரிலும் இதுவரை சந்து இல்லை.